பால்ஃபர் பிரகடனத்தை எதிர்த்த யூத அமைச்சர்

மில்லர்புரத்தில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நாம் தீனிய்யாத் பாடம் நடத்தி வருகிறோம். காஸாவின் செய்திகள் நாள்தோறும் வந்துகொண்டிருந்த சமயம் அது. ஒரு மாலை பாடத்தை விட்டு விலகி, மனம் கொதித்துப் பேசிவிட்டோம். யூதர்களில் ஒருவர்கூட முஸ்லிம்களிடம் நியாயமாக நடந்ததில்லை என்கிற அளவுக்கு நமது பேச்சு போய்விட்டது. பிள்ளைகள் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் தமது வரலாற்றுப் பாடத்தைக் கொண்டு வந்தார். மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தம் என்ற இடத்தில் விரல் வைத்து, இந்த மாண்டேகு ஒரு யூதர் என்று கைபேசியில் பார்த்தேன் ஹஸ்ரத், இவரும் நமக்குப் பகைவர்தானா என்று கேட்டார். நமக்கு உடனே பதில் வரவில்லை. மத்ரஸாவில் ஸனது வாங்கிய பிறகு நாம் வரலாற்றில் பட்டமும் படித்தவர்கள். மாண்டேகுவின் பெயரைத் தேர்வுக்காகப் பலமுறை எழுதியிருக்கிறோம். அவர் யார், எந்தக் குடும்பம், எதற்காகப் பதவியை இழந்தார் என்று ஒருநாளும் நாம் தேடியதில்லை. அந்த மாணவருக்குச் சொல்ல வேண்டிய பதிலுக்காகத் தேடிப் படித்ததையே இங்கே நமது குடும்பங்களுக்கும் எழுதுகிறோம்.

வங்கியாளரின் மகன்

எட்வின் சாமுவேல் மாண்டேகு 1879 பிப்ரவரி 6ஆம் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை சாமுவேல் மாண்டேகு பெரும் வங்கியாளர். பிற்காலத்தில் பிரபு பட்டமும் பெற்றவர். செல்வம் குவிந்த பின்னும் மார்க்கப் பேணுதலை விடாத யூதர். சனிக்கிழமை ஓய்வையும் உணவு விதிகளையும் வீட்டில் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார். ரஷ்யாவிலிருந்து விரட்டப்பட்டு லண்டனின் கிழக்குப் பகுதியில் வந்து தங்கிய ஏழை யூதர்களின் சிறு சிறு தொழுகைக்கூடங்களை 1887இல் ஒரே அமைப்பாகச் சேர்த்தவரும் அவரே.

மகனுக்குத் தந்தையின் பேணுதல் வாய்க்கவில்லை. கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் படித்த காலத்திலேயே வழிபாட்டு ஒழுங்குகளிலிருந்து விலகத் தொடங்கினார். தந்தைக்கும் மகனுக்கும் இதனால் ஓயாத மனக்கசப்பு. யூதப் பெண்ணை அல்லாமல் வேறொருத்தியை மணந்தால் சொத்தில் பங்கில்லை என்று தந்தை உயிலில் நிபந்தனை வைத்தார். 1911இல் தந்தை இறந்தார். 1915இல் எட்வின் மணந்த வெனிஷியா ஸ்டான்லி, திருமணத்துக்கு முன் யூத மதத்தை ஏற்றார்.

வழிபாட்டில் தளர்ந்திருந்தாலும், தாம் யூதர் என்பதை எட்வின் மறைத்ததில்லை. மறைக்க நினைத்தாலும் சுற்றியிருந்தவர்கள் மறக்க விடவில்லை. கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றத்தின் தலைவராக உயர்ந்து, 1906இல் லிபரல் கட்சி சார்பில் நாடாளுமன்றம் சென்று, பிரதமர் ஆஸ்குவித்தின் நம்பிக்கைக்குரிய செயலாளராக இருந்த போதும், அவரது இனத்தைச் சொல்லிக் கிண்டல் செய்தவர்கள் மேல்மட்டத்திலேயே இருந்தார்கள்.

இந்தியாவின் பக்கம்

1910இல் மாண்டேகு இந்தியா அமைச்சகத்தின் துணை அமைச்சரானார். வயது 31. நமது ஊர் அப்போது லண்டனில் அடிக்கடி பேசப்பட்ட ஊர். வ.உ.சிதம்பரனார் 1906இல் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு ஹாஜி முஹம்மது பக்கீர் சேட் போன்ற முஸ்லிம் வணிகர்கள் பெரும் பங்குத்தொகை கொடுத்திருந்தார்கள். 1908இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், கம்பெனி நொடிந்தது. 1911 ஜூன் 17ஆம் தேதி கலெக்டர் ஆஷ் மணியாச்சி ரயில் சந்திப்பில் சுடப்பட்டார். இந்த நெருப்பெல்லாம் எரிந்த காலத்தில்தான் மாண்டேகு அந்த அமைச்சகத்தில் வேலை கற்றார். 1912இன் கடைசியில் இந்தியா வந்து சில மாதங்கள் சுற்றிப் பார்த்தார். துப்பாக்கியாலும் சிறையாலும் இந்த நாட்டை நெடுநாள் ஆள முடியாது என்ற எண்ணம் அவருக்குள் வளர்ந்தது.

1917 ஜூலையில் அவர் இந்தியாவுக்கான அமைச்சராகவே பொறுப்பேற்றார். ஆகஸ்ட் 20ஆம் தேதி, இந்தியர்களுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி தருவதே பிரிட்டனின் கொள்கை என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். நமது பாடப்புத்தகங்கள் ஆகஸ்ட் அறிவிப்பு என்று சொல்வது இதைத்தான். அதற்கு மூன்றே நாள் கழித்து அவர் இன்னொரு ஆவணத்தை எழுதினார். அதைப் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை.

ஸியோனிஸத்தை எதிர்த்த குறிப்பு

அந்த ஆவணத்துக்குள் போகுமுன் பின்னணியைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1492இல் ஸ்பெயினின் கிறிஸ்தவ அரசு யூதர்களை நாட்டை விட்டுத் துரத்தியபோது, அவர்களில் பெரும் கூட்டத்துக்கு இடம் கொடுத்தவர் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத். முஸ்லிம் ஆட்சிகளில் யூதர்கள் நசுக்கப்பட்ட காலங்களும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் முவஹ்ஹிதீன்கள் மொராக்கோவிலும் அந்தலுஸிலும் அவர்களை வருத்தியது வரலாறு. அதை நாம் மூடிவைக்கத் தேவையில்லை. ஆனாலும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் யூதர்களுக்குத் தனிநாடு வேண்டும் என்ற ஸியோனிஸ இயக்கம் பிறந்தது ஐரோப்பாவில். ரஷ்யாவில் நடந்த படுகொலைகளும் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் பரவிய யூத வெறுப்பும் அதைப் பெற்றெடுத்தன. அந்த நாட்டை எங்கே அமைப்பது என்று வந்தபோது, உஸ்மானிய ஆட்சியில் இருந்த ஃபலஸ்தீனைச் சுட்டினார்கள்.

1917இல் பிரிட்டிஷ் அரசு அதற்கு ஆதரவுக் கடிதம் கொடுக்க ஆயத்தமானது. அந்த வேலையில் முன்னின்றவர் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர். இதே பால்ஃபர் 1905இல் பிரதமராக இருந்தபோதுதான், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூதர்கள் பிரிட்டனுக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் கொண்டுவரப்பட்டது. தன் நாட்டில் யூதர் வேண்டாம் என்று கதவைச் சாத்தியவர், பிறர் நாட்டில் அவர்களுக்கு வீடு ஒதுக்கிக் கொடுக்க முன்வந்தார்.

ஆகஸ்ட் 23ஆம் தேதி மாண்டேகு சக அமைச்சர்களுக்கு அனுப்பிய குறிப்பின் தலைப்பே அவர்களைத் திடுக்கிட வைத்திருக்கும். இந்த அரசின் யூத விரோதம் என்று அதற்குப் பெயரிட்டிருந்தார். அரசின் எண்ணம் எதுவாக இருந்தாலும் அதன் விளைவு உலகெங்கும் உள்ள யூத விரோதிகளுக்கே பயன்படும் என்பது அவரது வாதம். யூதம் ஒரு மார்க்கம். யூதர்கள் தாம் வாழும் நாட்டின் குடிமக்கள். ஃபலஸ்தீன்தான் யூதரின் தேசம் என்று அறிவித்துவிட்டால், ஒவ்வொரு நாட்டிலும் உன் ஊருக்குப் போ என்று அவர்களைப் பிடித்துத் தள்ள வழி பிறந்துவிடும் என்றார்.

நமக்கு முக்கியமானது அடுத்த பகுதி. ஃபலஸ்தீனில் வாழும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் யூதர்களுக்காக இடம் விட்டு ஒதுங்க வேண்டிய நிலை வரும், சொந்த மண்ணிலேயே அவர்கள் அந்நியர்களாகக் கருதப்படுவார்கள் என்று அவர் எழுதினார். யூத வரலாற்றில் அந்த மண்ணுக்கு இடம் உண்டு, அதுபோலவே முஸ்லிம்களின் வரலாற்றிலும் கிறிஸ்தவர்களின் வரலாற்றிலும் உண்டு என்று நினைவூட்டினார். 1917இல், பிரிட்டிஷ் அரசின் உள்ளேயிருந்து, ஒரு யூத அமைச்சர் இதை எழுதியிருக்கிறார். 1948இல் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபலஸ்தீனர்கள் வீடிழந்து வெளியேறியதை நாம் நக்பா என்று நினைவுகூர்கிறோம். அது நடப்பதற்கு 31 ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஆபத்தை அவர் கண்டுவிட்டார்.

அவர் தனியாளும் இல்லை. பிரிட்டனின் பழைய யூதக் குடும்பங்களில் பலர் அன்று ஸியோனிஸத்துக்கு எதிராக நின்றார்கள். அறிஞர் கிளாட் மாண்டிஃபியோர் போன்றவர்கள் 1917 மே மாதத்தில் லண்டன் டைம்ஸ் நாளேட்டில் தங்கள் எதிர்ப்பை வெளிப்படையாகவே எழுதினார்கள். ஒரே குடும்பத்துக்குள்ளும் இதில் பிளவு இருந்தது. மாண்டேகுவின் சொந்த உறவினரான ஹெர்பர்ட் சாமுவேல் ஸியோனிஸத்தை ஆதரித்தவர்; 1920இல் ஃபலஸ்தீனுக்கு முதல் பிரிட்டிஷ் ஆணையராக அனுப்பப்பட்டவர் அவரே.

இந்தியா வரும் வழியில்

அக்டோபர் மாதம் மாண்டேகு அமைச்சர்களின் கூட்டத்தில் நேரிலும் வாதாடினார். இந்திய மக்களிடம் பிரிட்டிஷ் அரசின் பெயரால் பேசப் போகிறவன் நான். என் தேசம் துருக்கியின் ஆட்சியில் இருக்கும் ஒரு நிலம்தான் என்று அதே அரசு அறிவித்துவிட்டால் நான் எந்த முகத்தோடு பேசுவது என்பது அவரது கேள்வி. அதற்குப் பிறகு கடிதத்தின் வாசகம் திருத்தப்பட்டது. அங்கே ஏற்கெனவே வாழும் யூதரல்லாத சமூகங்களின் சிவில் உரிமைக்கும் மத உரிமைக்கும் பாதிப்பு வராது என்றும், பிற நாட்டு யூதர்களின் நிலைக்குக் கேடு வராது என்றும் இரண்டு நிபந்தனைகள் சேர்க்கப்பட்டன. கடிதமே வேண்டாம் என்று அவர் போராடினார். கிடைத்தது அந்த இரண்டு வரிகள் மட்டுமே.

அந்த வரிகளையும் கவனித்துப் படிக்க வேண்டும். 1922இல் பிரிட்டிஷார் எடுத்த கணக்குப்படி ஃபலஸ்தீனின் மக்கள்தொகை சுமார் 7.57 லட்சம். அதில் முஸ்லிம்கள் 5.9 லட்சம், யூதர்கள் சுமார் 84,000. பத்தில் ஒன்பது பேராக இருந்த மக்களுக்கு அந்தக் கடிதத்தில் ஒரு பெயர்கூட இல்லை. யூதரல்லாதவர்கள் என்று மட்டும் சொல்லப்பட்டார்கள். அவர்களின் அரசியல் உரிமை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மாண்டேகு இந்தியாவை நோக்கிப் புறப்பட்டார். அவர் வழியில் இருந்தபோது, நவம்பர் 2ஆம் தேதி பால்ஃபரின் கடிதம் வெளியானது. 10ஆம் தேதி பம்பாயில் இறங்கியவர், தாம் அங்கம் வகிக்கும் அரசே தம் மக்களுக்குத் தீராத தீங்கு செய்துவிட்டதாக நாட்குறிப்பில் வேதனையோடு எழுதி வைத்தார்.

சென்னையும் அமிர்தசரஸும்

டிசம்பரில் அவர் சென்னைக்கு வந்தார். அன்னி பெசன்ட் முதல் முஸ்லிம் அமைப்புகள் வரை பல தரப்பினர் அவரைச் சந்தித்துக் கோரிக்கை கொடுத்தார்கள். அதே டிசம்பரில்தான் பிரிட்டிஷ் தளபதி ஆலன்பியின் படை பைத்துல் முகத்தஸுக்குள் நுழைந்தது. அந்தப் போர்முனையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு. கலீஃபாவின் படையை எதிர்த்துத் துப்பாக்கி பிடித்த அந்த முஸ்லிம் சிப்பாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த மனநிலையைத்தான் மாண்டேகு பின்னர் லண்டனில் ஓயாமல் பேசினார்.

வைஸ்ராய் செம்ஸ்போர்டுடன் சேர்ந்து அவர் தயாரித்த அறிக்கை 1918இல் வெளியாகி, 1919இல் சட்டமானது. மாகாணங்களில் இரட்டையாட்சி வந்தது. முஸ்லிம்களுக்கான தனித் தொகுதி முறை அறிக்கையை எழுதியவர்களுக்குக் கொள்கையளவில் பிடிக்கவில்லை. ஆயினும் முன்பே கொடுத்த வாக்கு என்பதால் அதைத் தொடர்ந்தார்கள். கொடுத்த வாக்கைக் காப்பது என்ற இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டால் மாண்டேகுவின் மீதி வாழ்க்கை நமக்கு விளங்கிவிடும்.

1919 ஏப்ரல் 13ஆம் தேதி அமிர்தசரஸின் ஜாலியன்வாலா பாகில் ஜெனரல் டயர் சுடச் சொன்னார். அரசுக் கணக்கிலேயே 379 பேர் இறந்தார்கள். விசாரணைக் குழுவை அமைத்த மாண்டேகு, 1920 ஜூலை 8ஆம் தேதி நாடாளுமன்றத்தில் டயரைக் கண்டித்துப் பேசினார். பயமுறுத்தி ஆள்வதா, மக்களின் ஒப்புதலோடு ஆள்வதா என்று உறுப்பினர்களிடம் கேட்டார். எதிர்வரிசை கொந்தளித்தது. அன்று அவர் பேசிய கருத்தை விடவும் அவர் யூதர் என்பதே பலருடைய கண்ணை உறுத்தியது. டயருக்காக மார்னிங் போஸ்ட் நாளேடு திரட்டிய நிதிக்கு 26,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது.

கிலாஃபத்துக்காக ஒரு யூதர்

முதல் உலகப்போரில் இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல்கடந்து அனுப்பப்பட்டார்கள். துருக்கியரின் தலைநகரையும் துருக்கியர் வாழும் நிலங்களையும் பறிப்பது எங்கள் நோக்கமல்ல என்று பிரதமர் லாயிட் ஜார்ஜ் 1918 ஜனவரியில் வாக்குக் கொடுத்தார். போர் முடிந்ததும் அந்த வாக்கு காற்றில் போனது. வெற்றி பெற்ற நாடுகள் துருக்கியைக் கூறு போட உட்கார்ந்தன.

பாரிஸ் சமாதான மாநாட்டில் இந்தியாவின் பிரதிநிதியாகச் சென்றவர்களில் மாண்டேகுவும் ஒருவர். 1919 மே 17ஆம் தேதி உலகின் நான்கு பெரிய தலைவர்கள் முன்னிலையில் இந்திய முஸ்லிம்களின் குரலை ஒலிக்கச் செய்ய அவர் ஏற்பாடு செய்தார். அமெரிக்க அதிபர் வில்சனும் லாயிட் ஜார்ஜும் இருந்த அந்த அவையில் ஆகா கான், ஸாஹிப்ஸாதா அஃப்தாப் அஹ்மத் கான், அப்துல்லாஹ் யூசுஃப் அலீ ஆகியோர் பேசினார்கள். இந்த யூசுஃப் அலீயை நமது குடும்பங்கள் அறியும். திருக்குர்ஆனின் புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு அவருடையதுதான். அவர் கிலாஃபத்துக்காக வாதாட வழிசெய்தவர் ஒரு யூதர்.

இங்கே தமிழகத்திலும் அந்த அலை எழுந்தது. 1920 ஏப்ரல் 17ஆம் தேதி சென்னையில் மௌலானா ஷௌகத் அலீ தலைமையில் கிலாஃபத் நாள் கூட்டம் நடந்தது. ஈரோட்டிலும் மாநாடு கூடியது. வாணியம்பாடி அந்தப் போராட்டத்தின் மையமாகவே விளங்கியது. சென்னையின் யாகூப் ஹசன் ஸேட் 1921 பிப்ரவரியில் கோழிக்கோட்டில் கைதானார்.

தெருவில் நமது முன்னோர்கள் கேட்டதை அமைச்சரவைக்குள் மாண்டேகு கேட்டார். துருக்கியரை இஸ்தான்பூலிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்பதில் பிரதமரும் வெளியுறவுப் பொறுப்பில் இருந்த கர்சனும் உறுதியாக இருந்தார்கள். 1920 ஜனவரியில் இது வாக்கெடுப்புக்கு வந்தபோது மாண்டேகுவின் தரப்பே வென்றது. நகரம் துருக்கியரிடம் தங்கியது. ஆனால் ஆகஸ்டில் கையெழுத்தான செவ்ரே உடன்படிக்கை, திரேஸையும் ஸ்மிர்னாவையும் கிரேக்கர் கையில் கொடுத்தது. அரபு நிலங்கள் பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் பங்காயின. ஃபலஸ்தீன் பிரிட்டனிடம் போனது.

பதவி போன நாள்

1922இன் தொடக்கத்தில் வைஸ்ராயாக இருந்தவர் ரீடிங் பிரபு. அவரும் யூதரே. இந்திய முஸ்லிம்களின் மனக்காயத்தை ஆற்ற வேண்டுமானால் இஸ்தான்பூலைவிட்டு நேசநாட்டுப் படைகள் விலக வேண்டும், புனிதத் தலங்கள் மீது சுல்தானின் மேலுரிமை ஏற்கப்பட வேண்டும், திரேஸும் ஸ்மிர்னாவும் திரும்பத் தரப்பட வேண்டும் என்று அவர் லண்டனுக்குத் தந்தி அடித்தார். இதை மக்களுக்கு வெளியிட அனுமதியும் கேட்டார்.

அமைச்சரவையைக் கேட்காமலேயே மாண்டேகு அனுமதி கொடுத்தார். அது விதிமீறல்தான். கிழக்குப் பிரச்சினை பற்றிப் பேசக் கர்சன் பாரிஸ் புறப்படவிருந்த வேளையில் தந்தி வெளியானதும் லண்டன் கொதித்தது. மார்ச் 9ஆம் தேதி மாண்டேகு பதவி விலகும்படி ஆனது. மறுநாள் இந்தியாவில் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். அந்தப் பரபரப்பில் மாண்டேகுவின் விலகல் மக்கள் நினைவிலிருந்து வேகமாக நழுவியிருக்க வேண்டும்.

அந்த ஆண்டு நவம்பர் தேர்தலில் தமது தொகுதியையும் அவர் இழந்தார். 1923இல் லோசான் உடன்படிக்கையில் திரேஸின் கிழக்குப் பகுதியும் ஸ்மிர்னாவும் துருக்கிக்கே திரும்பின. அவர் கேட்டது நடந்தது. அவர் பதவியில் இல்லை. 1924 மார்ச் 3ஆம் தேதி துருக்கியின் நாடாளுமன்றமே கிலாஃபத்தை ஒழித்தது. அதே ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி, 45 வயதில் மாண்டேகு இறந்தார். ஒரு வயதைத் தாண்டிய பெண் குழந்தை ஒன்று இருந்தது. இந்தியாவில் எழுதிய நாட்குறிப்பை 1930இல் மனைவி நூலாக வெளியிட்டார்.

அவரது குறைகளையும் சொல்ல வேண்டும்

ஒருவரைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் எழுதுவது நீதியாகாது. மாண்டேகு இந்திய விடுதலைக்காகப் போராடியவர் அல்லர். ஆங்கிலேயப் பேரரசு நிலைக்க வேண்டும் என்று விரும்பிய அமைச்சர். ரௌலட் சட்டம் அவர் காலத்தில்தான் வந்தது. அலீ சகோதரர்கள் கராச்சியில் விசாரிக்கப்பட்டுச் சிறைக்குச் சென்றதும் அவர் காலத்தில்தான். 1921 நவம்பரில் மலபாரின் மாப்பிள்ளைக் கைதிகளைத் திரூரில் ஒரு மூடிய ரயில் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது மூச்சுத் திணறி மாண்டவர்களின் உடல்கள் கிடந்தன. பின்னர் இறந்தவர்களையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 70 பேர். அப்போதும் இந்தியாவுக்குப் பொறுப்பான அமைச்சர் அவர்தான்.

இஸ்லாத்தின் மீது கொண்ட பற்றினாலும் அவர் அப்படிச் செய்யவில்லை. பிரிட்டன் கொடுத்த வாக்கு பொய்யாகக் கூடாது என்பதும், முஸ்லிம்களின் கோபம் பேரரசைப் பாதிக்கும் என்பதும் அவரது கவலை. பால்ஃபர் கடிதத்தை எதிர்த்ததில் முதல் காரணம் தம் மக்களான யூதர்களின் பாதுகாப்பு. இத்தனையும் உண்மை. ஆனால் அநீதி நடக்கப் போகிறது என்று தெரிந்தபோது அவர் வாய் மூடி இருக்கவில்லை. அந்த அநீதியால் தம் இனத்துக்கு லாபம் என்று எல்லோரும் சொன்னபோதும், முஸ்லிம்கள் வீடிழப்பார்கள் என்பதை எழுத்தில் பதிந்தார். அதற்காகத் தம் இனத்திலேயே பலரின் பகையைத் தேடிக்கொண்டார்.

மாணவருக்கு நாம் சொன்ன பதில்

ஒரு யூதரை முன்வைத்து எல்லா யூதரையும் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் யூதக் கோத்திரங்களோடு ஒப்பந்தம் செய்தார்கள். அதை முறித்த கோத்திரங்களோடு போரும் வந்தது. அதே நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது அவர்களின் கவசம் ஒரு யூதரிடம் அடகில் இருந்தது என்று புகாரீயில் பதிவாகியுள்ளது. கொடுக்கல் வாங்கல் கடைசி நாள் வரை நடந்திருக்கிறது. வேதக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி அல்லர் என்பதை ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 113ஆம் வசனம் நமக்குத் தெளிவாக்குகிறது.

அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனம் முதல் வரும் பகுதிக்குத் தஃப்ஸீர்களில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. மதீனாவில் ஒருவர் கவசத்தைத் திருடிவிட்டுப் பழியை ஒரு யூதர் மேல் போட்டார். திருடியவரின் கோத்திரமோ முஸ்லிம்களின் பக்கம்; அவர்கள் தம் ஆளுக்காகப் பரிந்து பேச வந்தார்கள். பழி சுமந்த யூதர் குற்றமற்றவர் என்பதை அல்லாஹ் வஹீ மூலம் வெளிப்படுத்தினான். தன் கூட்டத்தார் என்பதற்காகத் தவறைத் தாங்காதே, பிற கூட்டத்தார் என்பதற்காகப் பழி சுமத்தாதே என்பதுதான் அங்கே நமக்குக் கிடைக்கும் பாடம். அன்று மாலை வகுப்பில் நாம் பேசியது இந்தப் பாடத்துக்கு மாறாக இருந்தது. பிள்ளைகள் முன்னிலையிலேயே அதை ஒப்புக்கொண்டோம்.

ஃபலஸ்தீனில் நடப்பது நிலத்தைப் பறித்ததால் வந்த அநீதி. அதற்கு 1917, 1948, 1967 என்று தேதிகள் உண்டு. கையெழுத்திட்ட அரசுகள் உண்டு. துப்பாக்கி கொடுத்த நாடுகள் உண்டு. அதை ஆதி முதல் இருக்கும் மதச் சண்டை என்று நாம் சொன்னால், குற்றம் செய்தவர்களின் பெயர் மறைந்துவிடும். யூதர் என்றால் ஸியோனிஸ்ட்தான் என்பது இஸ்ரேல் அரசு உலகத்தை நம்பவைக்க விரும்பும் கருத்து. அதையே நமது வாயால் நமது பிள்ளைகளுக்கு நாம் ஏன் சொல்லிக் கொடுக்க வேண்டும்?

மாண்டேகுவின் வழியில் பேசுகிற யூதர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2023 அக்டோபர் கடைசியில் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தை நிறைத்து, காஸா போரை நிறுத்தச் சொல்லிக் கைதானவர்களில் பலர் யூதர்கள். நமது நாட்டிலும் பாருங்கள். கொல்கத்தாவில் யூதர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். அவர்களின் தொழுகைக்கூடங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பராமரித்து வருபவர்கள் முஸ்லிம்கள். யூதர்கள் நிறுவிய பெண்கள் பள்ளியில் இன்று படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள்.

ஃபலஸ்தீனுக்காக நாம் துஆ செய்வோம். நம்மால் இயன்ற உதவியைச் செய்வோம். அநீதியை அநீதி என்று உரக்கச் சொல்வோம். ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனத்தில் இறைவன் இட்ட கட்டளையையும் அத்துடன் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்வோம்.

கேள்வி கேட்ட அந்த மாணவருக்கு அல்லாஹ் நல்லறிவைப் பெருக்குவானாக. பேசும்போது நீதி தவறாத நாவை நமக்கும் தருவானாக. ஆமீன்.